மக்களோடு மக்குவோம்

சமையலறைக் குப்பையை இனிமேல் நகராட்சி எடுக்காது, ஒவ்வொரு வீடும் தானே ஓர் உரக்குவியல் போட்டு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது, அந்தத் தெருவில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பல்செட்டுக்காரர்தான்.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் கட்டுப்பல் செய்பவர். மெழுகை உருக்கி ஈறு மாதிரி வழித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முகம் தெரியாத ஆட்களுக்குச் சிரிப்பு செய்து கொடுப்பது அவருடைய வேலை. பொறுமைசாலி. எதையும் சொன்ன முறைப்படி செய்தால் சரியாக வந்துவிடும் என்று நம்புகிறவர். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நம்பிக்கைதான் காரணம் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

வீடு சிறியது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் சமையலறை. கொல்லை என்பது இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். பின்னறையில் மாமனார் படுத்திருந்தார். ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை. காலையும் மாலையும் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் போட வேண்டும். ஒருவேளை விட்டாலும் முதுகு சிவந்துவிடும். அவர் மகளான பல்செட்டுக்காரரின் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே பகல் முழுக்கத் துவைத்துவிட்டு வந்து இங்கேயும் துவைப்பாள். அந்த வீட்டில் மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம்.

அறிவிப்பின் கடைசி வரி இப்படி இருந்தது: குவியல் உயிருடன் இல்லாத வீடுகளின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.

"குவியலுக்கு என்னங்க உயிரு?" என்று மனைவி கேட்டாள்.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் இருக்கும். அதுதான் குப்பையத் தின்னு மண்ணாக்குது. சுலபம்தான்" என்றார் பல்செட்டுக்காரர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாமனாரின் ஜன்னலுக்கு வெளியே நாலு செங்கல்லை அடுக்கி, வெங்காயத் தோல், உருளைக்கிழங்குத் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு என்று போட்டார். பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி தினமும் கொஞ்சம் தண்ணீரும் தெளித்தார். புதிதாகச் செய்கிற எல்லாரும் செய்யும் தப்பு அதுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சில நாட்களில் குவியல் குழகுழவென்று ஆகி, அடியில் கறுப்பாக நீர் கசிந்து, ஒரு நாற்றம் கிளம்பியது.

"மாப்ள" என்று உள்ளேயிருந்து மாமனார் கூப்பிட்டார். "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேனா? இல்ல, என் மேலேருந்துதான் வருதா இந்த வாடை?"

பல்செட்டுக்காரருக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில், ஒரே ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வீட்டுக் குவியல் நல வாரியத்துக்குப் போனார்.

வாரியம் ஒரு பெரிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் மல்லிகை சென்ட் வாசனை. சுவரில் ஆள் உயர எழுத்தில் 'மக்களோடு மக்குவோம்' என்று எழுதியிருந்தது. நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முன்மாதிரிக் குவியல். சிமெண்டில் செய்து வண்ணம் பூசியது. அதன்மேல் பிளாஸ்டிக் வாழைப்பழத் தோல் ஒன்று. ஒரு பெண் பெட்டியைத் திறந்து அந்தத் தோலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆலோசனைப் பிரிவில் ஒருவர் இருந்தார்.

"சார், குவியல் நாறுது. என்ன பண்ணணும்னு கேக்கலாம்னு வந்தேன்."

"யாருக்கு நாறுது?"

"எங்களுக்குத்தான் சார்."

"குவியலுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"குவியலுக்கா?"

"இது குவியல் நல வாரியம்ங்க. மனுஷங்க தொந்தரவ இங்க பாக்கறதில்ல."

"இல்ல சார், சருகு கொஞ்சம் போடணுமா, இல்ல நல்லா கிளறி விடணுமா, அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

ஆலோசகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "கிளறினீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"நல்லவேளை" என்று உட்கார்ந்தார். "கிளறல் அலுவலர் வந்துதான் கிளறணும். நீங்க கை வெச்சா அது குற்றம்."

"அவர் எப்ப சார் வருவார்?"

"அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் எடுக்கலயே. பரீட்சை வெச்சோம். கிளறத் தெரிஞ்சவன் ஒருத்தனும் பாஸாகல."

பல்செட்டுக்காரர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். "பரவாயில்ல சார். நான் சும்மா கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"எங்க போறீங்க? விலாசம் சொல்லுங்க. கேள்வி கேட்டுட்டீங்க இல்ல? இனிமே அது கேள்விக்குரிய குவியல்."

கேள்விக்குரிய குவியலைத் தொடக் கூடாது, கிளறக் கூடாது, மூடக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. ஆனால் தினமும் அதற்குத் தீனி போட வேண்டும். இதை ஆலோசகர் மெதுவாக, டாக்டர் மருந்து சொல்கிற தோரணையில் சொன்னார்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு மாடி வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்கள யார் தம்பி அங்க போகச் சொன்னா? என் வீட்டு மொட்டமாடில ஒரு வாளி வெச்சிருக்கேன். அதுல எதையோ கொட்டினேன், அப்புறம் திரும்பிக்கூடப் பாக்கல. அது பாட்டுக்கு நாறிக்கிட்டுக் கெடக்கு. போன வாரம் வந்து எனக்கு மெடல் குத்திட்டுப் போனாங்க."

முதல் மேற்பார்வைக்கு மூன்று பேர் வந்தார்கள். குவியல் நல அலுவலர், வெப்பமானி பிடிக்கும் இளைஞர், முகர்வு அலுவலர். அலுவலர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். இளைஞர் வெப்பமானியைக் குவியலில் செருகி, எடுத்து, துடைத்து, "ஜில்லுன்னு இருக்கு சார்" என்றார்.

"மனசு சரியில்ல அதுக்கு" என்றார் அலுவலர் வாசலிலிருந்து.

முகர்வு அலுவலர் வயதானவர். குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, பல்செட்டுக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டார்: "எப்படிங்க நாறுது?"

"நீங்கதானே சார் பாக்கணும்?"

"எனக்கு மூக்கு வேல செஞ்சு ரொம்ப வருஷமாச்சு. சைனஸ். இந்தப் பதவி மூப்பு வரிசைல வந்தது. நீங்க சொல்லுங்க, நான் அதையே சொல்லிடறேன்."

பல்செட்டுக்காரர் யோசித்து, "செத்த எலி மாதிரி" என்றார்.

"செத்த எலி!" என்று முகர்வு அலுவலர் வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"ரொம்ப நல்லது" என்றார் அலுவலர். "ஆனா தீனி போதல. வீட்டுல மூணு பேரு இருக்கீங்க. மூணு பேருக்கான தோலு இல்லயே இதுல."

"எங்க மாமனாரு பால்தான் சார் குடிக்கறாரு. பாலுக்குத் தோலு ஏது?"

"அது உங்க குடும்பப் பிரச்சின. குவியல் ஏன் பட்டினி கெடக்கணும்?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் உருளைக்கிழங்கைத் தோல் சீவினால் பாதிக் கிழங்கு தோலோடு போனது. வெங்காயத்தில் நடுக்குருத்துதான் குழம்புக்கு மிஞ்சியது. குவியல் கொழுத்தது, புருஷனும் பெண்டாட்டியும் இளைத்தார்கள். அதோடு, கேள்விக்குரிய குவியல் வைத்திருப்பவர் பயிற்சி முகாமுக்கும் போயாக வேண்டும் என்றார்கள். பல்செட்டுக்காரர் வேலையிடத்தில் சொல்லிக்கொள்ளாமல் தினமும் பாதி நாள் அங்கே போய் உட்கார்ந்தார். வாரியத்தின் வரலாறு, வாரியத்தின் பாட்டு, தலைவரின் இளமைக்காலம், குவியல் முன் நிற்கும்போது கைகளை வைத்துக்கொள்ள வேண்டிய விதம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். குப்பை எப்படி மண்ணாகிறது என்று ஒருநாள் பின்வரிசையிலிருந்து கேட்டவரை அதற்கப்புறம் முகாமில் பார்க்க முடியவில்லை. அவர் மேல்நிலைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார் என்றார்கள்.

பின்னறையில் ஈ மொய்த்தது. மாமனாரின் வாயோரம், கண்ணோரம், கால்விரல் இடுக்கு. மனைவி கொசுவலையைக் கட்டினாள். ஜன்னலை மூடினால் மூச்சு முட்டியது, திறந்தால் குமட்டியது. மாமனார் வலைக்குள் படுத்தபடி முகாமின் கதைகளைக் கேட்டுக்கொண்டார்.

"குப்பைய மக்க வைக்கச் சொன்னா, மனுஷன மக்கா ஆக்கறாங்க" என்றார். பிறகு சிரிக்க முயன்று இருமினார். பால் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். குடித்தால் வாந்தி வருகிறது என்று சொல்லவில்லை, பசிக்கவில்லை என்றார்.

பல்செட்டுக்காரருக்கு வேலையில் கவனம் சிதற ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு அவர் செய்த பல்செட்டில் முன்வரிசையில் ஒரு பல் கூடுதலாக இருந்தது. நீதிபதி 'சட்டம்' என்று சொல்லும்போதெல்லாம் விசில் அடித்தது. பல் டாக்டரம்மா அவரைப் பின்னறையில் வந்து பார்த்தார்.

"உங்க கையில ஒரு தப்பு வந்து நான் பாத்ததில்ல. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"குவியல் மேடம்" என்றார். கண் கலங்கியது.

"கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. சரியானதும் வாங்க" என்றார் டாக்டரம்மா. அவர் நல்லவர். ஆனால் போகும்போது மெழுகுக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் வேலையில்லாமல் வீட்டுக்கு வந்த அன்றே, மனைவி தகப்பனைப் புரட்டிப் போடும்போது முதுகில் ஒரு சிவப்பைப் பார்த்தாள். கையகலச் சிவப்பு. அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. வெளியே போனாள். திரும்பி வரும்போது தச்சுக்கடையிலிருந்து ஒரு மூட்டை மரத்தூளும், பூங்காவில் பெருக்கிக் குவித்திருந்த சருகு ஒரு மூட்டையும், சலவைக்கூடத்தில் அண்டாத் துணியைப் புரட்டுகிற மரக்கோலும் கொண்டுவந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"ஐயோ, தொடாத! கேள்விக்குரிய குவியல்!"

"எனக்கு ஒரு கேள்வியும் இல்ல" என்றாள் அவள். "அங்க நின்னு நடுங்காம இந்த மூட்டைய அவுருங்க."

அவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவிழ்த்தார். வாரியத்து ஆட்கள் எல்லாரும் அப்போது ஒரு மலை வாசஸ்தலத்தில் வருடாந்தர மாநாட்டில் இருந்தார்கள். அதனால் பயப்படத் தேவையில்லை. இருந்தும் அவருக்கு வேர்த்தது. மனைவி கோலை அடிவரை குத்திப் புரட்டினாள். அடியிலிருந்து கறுப்புச் சேறு மேலே வந்தது. அவர் மரத்தூளைத் தூவினார். அவள் புரட்டினாள். அவர் சருகைக் கொட்டினார். பிறகு அவரே கோலை வாங்கிக்கொண்டார். முகாமில் சொன்ன எதுவும் அவர் நினைவுக்கு வரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் குவியல் சூடானது. காலையில் கைவைத்துப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி போலக் கொதித்தது. லேசாக ஆவி பறந்தது. நாற்றம் அடங்கியது. ஈக்கள் ஒவ்வொன்றாக வேறு வீடு பார்த்துக்கொண்டு போயின. பெரும்பாலும் மாடி அக்கா வீட்டு வாளிக்கு. மாமனார் மறுபடி பால் கேட்டார். மாநாடு நீட்டிக்கப்பட்டது; பிறகு அதன் தீர்மானங்களைப் பாராட்டி இன்னொரு மாநாடு நடந்தது. அதற்குள் தோலும் சக்கையும் இருந்த இடம் தெரியாமல் போய், கறுப்பாக, பொலபொலவென்று, தொட்டால் உதிர்கிற மண் அங்கே இருந்தது.

பல்செட்டுக்காரர் ஒரு கை அள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போனார். "மாமா, இதப் பாருங்க."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"சின்ன ஸ்டேஷன்ல வண்டி நிக்கும் பாருங்க, மழை விட்ட உடனே" என்றார். "கொடிய மடிச்சு வெச்சிட்டு இறங்குவேன். இதே வாசம்." பிறகு, "இத நீங்களா பண்ணீங்க மாப்ள?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. நாங்க ரெண்டு பேரும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. டாக்டரம்மாவைப் பார்த்து, கை சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மாநாடு முடிந்து மூவரும் மேற்பார்வைக்கு வந்தார்கள்.

வெப்பமானி ஜில்லென்றும் சொல்லவில்லை, சூடு என்றும் சொல்லவில்லை. முகர்வு அலுவலர் குந்தி உட்கார்ந்து வழக்கம்போலக் கேட்டார்: "எப்படிங்க நாறுது?"

"நாறல சார்!" என்றார் பல்செட்டுக்காரர். பெருமையில் குரல் உயர்ந்துவிட்டது. "சுத்தமா நாறல! மண்ணாயிடுச்சு சார், பாருங்க!"

முகர்வு அலுவலர் முகம் வெளுத்தது. "அப்படிச் சொல்லாதீங்க. வேற ஏதாவது சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார். ஆனால் வாசலில் இருந்த குவியல் நல அலுவலருக்குக் கேட்டுவிட்டது. அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து மெல்ல எடுத்தார். காற்றை இழுத்துப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"எப்ப நடந்தது?" என்றார்.

"எது சார்?"

"குவியல் இறந்துடுச்சு. கடைசியா அத உயிரோட பாத்தது யாரு?"

"சார், அது சாகல. ஆக வேண்டியது ஆயிடுச்சு. இதுதான் சார் உரம்!"

"உரம்னு ஒண்ண நாங்க யாரும் பாத்ததில்ல. நீங்க சொல்றத நம்பிட முடியுமா?" என்று அலுவலர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நாத்தம் இல்ல. சூடு இல்ல. புழு இல்ல. அசைவு இல்ல. இதுக்குப் பேரு வேற என்னங்க?"

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

முதலில் மாடி அக்கா வாளி வாளியாக இறக்கிக் கொடுத்தாள். இறந்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தால் மெடல் பறிபோகும், குழாயும் மூடப்படும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் வாளியை உள்ளே எடுத்துக்கொண்டாள். மனைவி சலவைக்கூடத்திலிருந்து புட்டிகளில் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பையைச் சோதிக்கிற காவலாளி ஒருநாள் அதையும் பிடித்து வைத்துக்கொண்டார். பல்செட்டுக்காரர் பொதுக் குழாய்க்குப் போனால், வரிசையில் நிற்பவர்கள், "குவியலக் கொன்னவரு" என்று ஒதுங்கினார்கள். ஒதுங்கியதால் சீக்கிரம் தண்ணீர் பிடிக்கலாம் என்று அவர் நினைத்தார். ஆனால் குழாயைத் திறந்துவிடும் ஆளுக்கு வாரியத்தில் உறவுக்காரர் இருந்தார்; பல்செட்டுக்காரர் குடத்தை நீட்டியதும் குழாயை மூடிவிட்டார்.

மாமனாருக்கு ஈரத்துணி ஒன்றுதான் ஒரு நாளைக்கு. முதுகுச் சிவப்பு திறந்து புண்ணாயிற்று. துணியை எடுக்கும்போது தோல் சேர்ந்து வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று மகளிடம் சொன்னார். பல்செட்டுக்காரர் வாரியத்தின் நடுக்கூடத்தில், சிமெண்டுக் குவியலுக்குப் பக்கத்தில், நாள் கணக்கில் நின்றார். போகிற வருகிற ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய துக்கத்தில் வாரியமும் பங்குகொள்கிறது என்றும், இரங்கல் கூட்டம் அவர் வீட்டிலேயே நடக்கும் என்றும், தலைவரே வருகிறார் என்றும் சொன்னார்கள்.

கொல்லையில் நாற்காலிகள் போட்டார்கள். இடம் போதாமல் சமையலறைக்குள்ளும் போட்டார்கள். மண்ணின்மேல் மலர்வளையம் வைத்தார்கள். தெருவாசிகள் சுவரோரமாக நின்றார்கள். தலைவர் பருத்த மனிதர். குரல் கனிவாக இருந்தது. வாரியப் பாட்டு முடிந்ததும் எழுந்தார்.

"பெருமக்களே! இந்த வாரியம் பிறந்தபோது நானும் ஒரு நாற்காலியும்தான் இருந்தோம். இன்று எத்தனை நாற்காலிகள்! அத்தனையிலும் ஆட்கள்! இந்த வளர்ச்சி எதனால் வந்தது? உரத்தாலா? இல்லை. இந்த நகரத்தில் ஒரு பிடி உரம்கூட உருவாகிவிடாமல் இத்தனை காலம் கண்ணுக்குள் வைத்துக் காத்து வந்திருக்கிறோம்!"

கைதட்டினார்கள்.

"உரமாகிவிட்டால் குவியல் முடிந்தது. குவியல் முடிந்தால் மேற்பார்வை எதற்கு? பயிற்சி எதற்கு? வெப்பமானி பிடிக்கும் இந்தத் தம்பி எங்கே போவான்? அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பெரியவருக்கு மூக்கு இல்லை. அவருக்கு வெளியில் யார் வேலை கொடுப்பார்கள்? நாற்றம்தான் ஐயா இத்தனை குடும்பங்களுக்கும் சோறு போடுகிறது! ஆனால் ஒரு மனிதர், தன் வீட்டில் வாடை இருக்கக் கூடாது என்ற ஒரே சுயநலத்தில், இவர்களில் ஒருவரையாவது நினைத்துப் பார்த்தாரா?"

எல்லாரும் பல்செட்டுக்காரரைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் அவருக்கே, நினைத்துப் பார்த்திருக்கலாமோ என்று தோன்றியது. மறுநிமிஷம் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. அவர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய்த் தலைவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, எனக்கு என்ன தண்டன வேணும்னாலும் குடுங்க. தண்ணி மட்டும் விடச் சொல்லுங்க. எங்க மாமனாரு முதுகு பூரா புண்ணாயிடுச்சு ஐயா. துடைக்கக்கூட வழியில்ல."

தலைவருக்கு உண்மையாகவே மனம் இளகிவிட்டது. அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"நாங்க என்ன கல்நெஞ்சுக்காரங்களா? ஆனா செத்த குவியலுக்குத் தண்ணி விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களே." கொஞ்சம் யோசித்தார். "சரி, சாகவே இல்லன்னா? முகர்வு அலுவலருக்குத்தான் மூக்கு இல்ல. உங்களுக்கு இருக்கு. எடுத்து மோந்து பாருங்க. பாத்துட்டு உள்ளத உள்ளபடி எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. நாறுதுன்னு நீங்க சொல்லிட்டா அது உயிரோட இருக்குன்னு அர்த்தம். நான் இந்த நிமிஷமே தண்ணி விடச் சொல்றேன்."

மலர்வளையத்தை நகர்த்தினார்கள். பல்செட்டுக்காரர் குனிந்து ஒரு கை அள்ளினார். மண் விரலிடுக்கில் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனார். மழை விட்ட பிறகு வருகிற வாசனை. சமையலறை வாசலில் மனைவி காலி வாளியுடன் நின்றாள். வாளியை இறுகப் பிடித்திருந்தாள்.

"நாறுது" என்றார்.

"சத்தமா சொல்லுங்க. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"நாறுதுங்க."

"எப்படி நாறுது?"

"செத்த எலி மாதிரி" என்றார். "குமட்டுது. ரொம்ப... நிக்க முடியல இங்க."

கொல்லை முழுக்க ஒரே கைதட்டல். மாடி அக்கா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முகர்வு அலுவலர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். தலைவர் பல்செட்டுக்காரரின் கையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார், கண்ணை மூடினார், இன்னொரு சிட்டிகையும் எடுத்து முகர்ந்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு, சான்றுக்காக இரண்டு மூட்டை அள்ளித் தன் வீட்டு ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

மீதிக் குவியல் ரொம்பப் பலவீனமாக இருப்பதால் அதற்கு உடனடி ஊட்டம் தேவை என்று அலுவலர் சொன்னார். ஊட்டம் ஏற்கனவே தெருவில் தயாராக நின்றது. வாரியத்துச் சிற்றுண்டிச்சாலையின் மாநாட்டுக்கால மிச்சம், ஒரு லாரி. பின்பக்கத்தைத் தூக்கிக் கொல்லைச் சுவருக்கு மேலாகக் கொட்டினார்கள். ஜன்னலின் கீழ்க்கட்டை வரைக்கும் வந்தது. கொட்டி முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று வாரியப் பாட்டை இன்னொரு முறை பாடிவிட்டுக் கலைந்தார்கள்.

குழாயில் முதலில் காற்று சீறியது. பிறகு துருநிறத்தில் கொஞ்சம் ஒழுகியது. பிறகு தண்ணீர் வந்தது. மனைவி வீட்டிலிருந்த வாளி, குடம், சட்டி, டம்ளர் எல்லாவற்றிலும் பிடித்தாள். வெந்நீர் போட்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து கிழவரைப் புரட்டி, புண்ணைச் சுற்றி மெல்ல மெல்லத் துடைத்தார்கள். சூடான ஈரம் பட்டதும் அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"எல்லாம் கேட்டுச்சு மாப்ள" என்றார், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்தபடியே.

பல்செட்டுக்காரர் துணியைப் பிழிந்தார். "பொய் சொல்லிட்டேன் மாமா."

"நல்லா கணீர்னு சொன்னீங்க" என்றார் மாமனார். "இன்னும் கொஞ்சம் கீழ துடைங்க. ஆங், அங்கதான்."

மனைவி அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றினாள். வரும்போது ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பல்செட்டுக்காரர் கொல்லையில் சொன்னது உண்மையாகிவிட்டது.